உங்களுக்குத் தெரியுமா? - முகாம் கணக்கு

அகதி முகாமுக்கு வந்து சேரும் சின்னக் குழந்தையிடம் மருத்துவக் குழுவினர் முதலில் பிடித்துப் பார்ப்பது இடது கையை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மூவண்ண நாடா ஒன்றைச் சுற்றுவார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைக்கும் ஒரே கணக்கு. 12.5 செ.மீ.க்கு மேல் பச்சை. அதற்கும் 11.5-க்கும் இடையில் மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு; உடனே சிகிச்சை. எலுமிச்சம்பழம் ஒன்றைச் சுற்றி நூல் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தக் கை! தராசு வேண்டாம், கரண்ட் வேண்டாம், எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். அதனால் பல இடங்களில் நாடாவை அம்மாக்களிடமே கொடுத்துவிடுகிறார்கள்.

சிவப்பு காட்டினால்? வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு, வேர்க்கடலை விழுதில் பால் பவுடரும் சர்க்கரையும் எண்ணெயும் வைட்டமின்களும் கலந்த 92 கிராம் பொட்டலம். 500 கலோரி. பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியான் 1990-களில் உருவாக்கியது. முன்பு கொடுத்த சத்துப்பாலைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும். முகாமில் அதற்குத்தானே பஞ்சம். இதை ஓரத்தைக் கிள்ளி அப்படியே சப்பலாம். கடலை மிட்டாய்க்குத் தூரத்துச் சொந்தம்.

1994-ல் ருவாண்டாவிலிருந்து இன்றைய காங்கோவின் கோமா நகருக்கு ஓடிவந்தவர்களில் சுமார் 50,000 பேர் ஒரே மாதத்தில் இறந்தார்கள். பெரும்பாலும் காலராவும் சீதபேதியும். அந்த அடிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கூடி எழுதியதுதான் 'ஸ்பியர்' கையேடு. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர்: குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்று. தங்க 3.5 சதுர மீட்டர்: ஒற்றைப் பாய் இரண்டை ஒட்டி விரிக்கலாம். இது குறைந்தபட்சம்தான். இதுவும் எட்டாத முகாம்கள் உண்டு.

யுனிசெஃப் அனுப்பும் 'பெட்டிப் பள்ளிக்கூடம்' 40 பிள்ளைகளுக்கானது. பெட்டி மூடியின் உட்புறம் கருப்புப் பெயின்ட் அடித்தால் அதுவே கரும்பலகை.

ஜோர்டானின் ஸாத்தரி முகாம் 2012 ஜூலையில் சிரியர்களுக்காகத் திறந்தது. அதன் கடைத்தெருவுக்குச் செல்லப்பெயர் 'ஷாம் எலிசே'. 'ஷாம்' என்றால் அரபியில் டமாஸ்கஸ். மிச்சம் பாரிஸின் 'ஷான்ஸ் எலிசே' வீதி மீதான கிண்டல். அங்கே 2016-ல் கருவிழியைக் காட்டி மளிகை வாங்கும் முறை வந்தது. பள்ளிக்கூடம் இரண்டு ஷிஃப்ட்: காலையில் சிறுமிகள், பிறகு சிறுவர்கள்.

தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் குடியுரிமைக்கு ஒரு தேதி பெரிய அளவுகோல்: 1.7.1987. அதற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்றோ பிறகோ பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 3.12.2004 முதல் பிறந்தவர் என்றால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. 2021-ல் தமிழ்நாடு அரசு, முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தேதி மாறவில்லை.