எண்பதாம் பாகையில் அம்மா வீடு

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த உரும்பிராயில் பிறந்து, சென்னையில் புவியியல் ஆசிரியையாக வேலை பார்த்தவள். அட்லஸில் சென்னைமீது விரலை வைத்து நேர்கீழே இழுத்தால் யாழ்ப்பாணம் வந்துவிடும். இரண்டு ஊருமே 80 பாகைத் தீர்க்கக்கோட்டை ஒட்டி இருப்பவை. சென்னை விமான நிலையமுள்ள மீனம்பாக்கம் ஏறக்குறைய 13 பாகை வட அட்சம், யாழ்ப்பாண விமான நிலையமுள்ள பலாலி 9.8. வித்தியாசம் 3.2 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 355. சாலை வழியாகத் திருச்சிக்குப் போவதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

2013இல் அப்பா தவறியபோது இந்த 355 கிலோமீட்டருக்கு நேர்வழி கிடையாது. சுமார் 645 கிலோமீட்டர் பறந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கினேன். பிறகு ஏ9 வீதியில் இரவு முழுக்க வேனில் வடக்கே திரும்பி வந்தேன். ஊரைத் தாண்டிப் போய்விட்டுப் பின்னோக்கி வருவது எவ்வளவு கொடுமை என்பது அன்று தெரிந்தது. காலை எட்டுக்குப் புறப்பட்டவள் மறுநாள் விடியற்காலை ஐந்துக்கு வாசலில் நின்றேன். அப்பாவை எடுத்துவிட்டார்கள். பந்தலில் குருத்தோலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

பலாலிக்கு முதல் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பழைய ஆசிரியப் புத்தி கணக்குப் போட்டது. கொழும்பு தூரத்தில் பாதியும் சொச்சமும்தான். பயண நேரம் மட்டும் ஏறக்குறைய அதே ஒன்றேகால் மணி. ஏன்? கொழும்புக்குப் போவது ஜெட், மணிக்கு 800 கிலோமீட்டர் வரை போகும். பலாலிக்கு வருவது இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழலிகள் வைத்த ஏடிஆர். குறுகிய ஓடுபாதைக்கு ஏற்றது, வேகம் 500தான். அந்தக் கணக்கிலும் முக்கால் மணியில் போய்விட வேண்டுமே? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தைவிட்டு விமானம் அசைவதிலிருந்து, போன இடத்தில் நிற்கும்வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெல்ல ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது ஆகியவை தூரம் குறைந்தாலும் குறையாதவை. அதனால் குட்டிப் பயணத்தில் இவையே பெரும்பங்கைத் தின்றுவிடும்.

நேரவித்தியாசக் குழப்பமும் கிடையாது. 2006 முதல் இலங்கைக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான்.

இருந்தாலும் நான் டிக்கெட் நேரத்தை நம்புவதில்லை, வீட்டுப் பூட்டிலிருந்து வீட்டுப் படிவரை எண்ணுகிறேன். அந்த முதல் பயணத்தன்று காலை ஆறுக்குக் கதவைப் பூட்டினேன். சோதனை, குடியகல்வு, காத்திருப்பு என்று மூன்று மணிநேரத்துக்குமேல் போயிற்று. வலப்பக்க சன்னலில் இருந்தேன். கோடியக்கரை மங்கலாகத் தெரிந்து மறைந்தது, கொஞ்சநேரம் வெறும் கடல், உடனே பனைகளும் செம்மண் தோட்டங்களும். பன்னிரண்டரைக்கு உரும்பிராய்ப் படலையைத் திறந்தேன். மொத்தம் ஆறரை மணி.

அம்மா என் பின்னலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்ப வெளிக்கிட்டனீ பிள்ளை?"

"விடியத்தானம்மா."

"தலை இன்னும் ஈரமாக் கிடக்கு. துவட்டேல்லையே?"

சென்னையில் முழுகிய தலை அது. பின்னலை அவிழ்த்துவிட்டு, துவாய் எடுக்க உள்ளே போனாள்.