புண் ஆறிய பின்னும் வலிப்பது ஏன்?

முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், வலியும் போய்விடும். அதனால், தோல் மூடிக்கொண்டால் உள்ளேயும் எல்லாம் குணமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையான வாசெக்டமி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மாணவர்களே, ஆண் இனப்பெருக்க மண்டலத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விரையில் உருவாகும் விந்தணுக்கள், அதன் பின்புறம் சுருண்டிருக்கும் நுண்குழாயில் முதிர்ச்சி அடைகின்றன. அந்தச் சுருளை நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம் இருக்கும்! அங்கிருந்து அவை விந்துக்குழாய் வழியாக வெளியேறும். வாசெக்டமியில் மருத்துவர் இரு பக்க விந்துக்குழாய்களையும் வெட்டி அடைத்துவிடுவார். 1974-இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறையில், கத்தியால் கீறாமல் சிறு துளை மட்டுமே இடப்படுகிறது.

பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் வீக்கமும் வலியும் தணிந்துவிடும். ஆனால், நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் வலி 3 மாதங்களைக் கடந்தும் நீடிக்கலாம். காரணங்கள் என்ன?

முதலாவது, தேக்கம். பாதை அடைபட்ட பிறகும் விரை விந்தணுக்களை உற்பத்தி செய்கிறது. உடல் அவற்றைச் சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். எனினும், சிலருக்குச் சுருள்குழாயில் அழுத்தம் கூடி வலிக்கும்.

இரண்டாவது, கசிவு. விந்தணுக்கள் பருவமடைந்த பிறகே உருவாகின்றன. ஆகவே, அவை குழாயை விட்டுக் கசிந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருள் என்று கருதிச் சூழ்ந்துகொள்கிறது. அங்கே சிறு கட்டி தோன்றலாம்.

மூன்றாவது, நரம்பு. உள்ளே உருவாகும் வடுத் திசுவில் நரம்பு சிக்கினால், புண் ஆறிய பிறகும் அது மூளைக்கு வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆக, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த வலி கற்பனையன்று. மருந்து, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, தேவைப்பட்டால் மறு அறுவை எனச் சிகிச்சைகள் உள்ளன. கூச்சத்தால் சொல்லாமல் இருந்தால்தான் சிகிச்சை தாமதமாகிறது.

இந்தக் கூச்சம் உங்கள் வயதில் இன்னும் ஆபத்தானது. பதின்ம வயதினருக்கு விரை திடீரென முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் தடைபடலாம். ஏறக்குறைய 6 மணி நேரத்திற்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடலாம். எனவே, அங்கே திடீரெனக் கடும் வலி வந்தால், நள்ளிரவானாலும் பெற்றோரை எழுப்பிச் சொல்லுங்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.