பில் பாக்கிக்கு ஆள் பிணையா?

காலை ரவுண்ட்ஸில் “இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பொழுது சாய்ந்தும் நோயாளி படுக்கையில்தான் இருக்கிறார். மகன் பில்லிங் கவுண்டருக்கும் அடகுக் கடைக்குமாக அலைகிறான். பாக்கியைக் கட்டினால்தான் டிஸ்சார்ஜ். கட்ட முடியாத ஒவ்வொரு நாளும் அறை வாடகை ஏறுகிறது.

மருத்துவமனைக்குச் சேர வேண்டிய பணம்தான் அது. நர்ஸ் சம்பளமும் மருந்துக் கணக்கும் கருவிக் கடனின் தவணையும் அதிலிருந்துதான் போக வேண்டும். சிறிய நர்சிங் ஹோம் நான்கைந்து பெரிய பாக்கிகளிலேயே ஆடிப்போகும். ஆனாலும் கடன் வேறு, ஆள் வேறு. பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனமும் அதையே சொல்கிறது. இறந்தவரின் உடலைத் தர மறுப்பதையும் அது ஏற்கவில்லை.

பல பாக்கிகளுக்கு வித்து அட்மிஷன் அன்றே விழுந்துவிடுகிறது. பதற்றத்தில் குடும்பம் செலவைக் கேட்பதில்லை, மருத்துவமனையும் சொல்வதில்லை. உத்தேசச் செலவை முதல் நாளே எழுதிக் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்கைக் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

காப்பீட்டு அட்டையையும் அன்றே கேட்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, பட்டியலில் உள்ள சிகிச்சை, முன் அனுமதி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். ஆபரேஷன் முடிந்தபின் அட்டையைத் தேடினால் பெரும்பாலும் பலனில்லை. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது.

அத்தனைக்குப் பிறகும் பாக்கி நின்றால், குடும்பத்தால் மாதம் எவ்வளவு முடியும் என்று உட்காரவைத்துக் கேட்டுத் தவணை எழுதிக்கொள்ளலாம். கவுண்டரில் நாலு பேர் கேட்கக் குரல் உயர்த்தினால் பணம் வராது. நோயாளியும் வர மாட்டார். கடன் சொன்ன கிளினிக் வாசலை மிதிக்கக் கூசி, மருந்தை நிறுத்திவிடும் சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் முற்றிவிடும். அப்போது பாக்கியைவிடப் பல மடங்கு செலவு. சில நேரம் காலே போய்விடும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ரிவியூ தேதியை எழுதும்போதே டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும்: “பணம் இல்லைன்னு வராம இருந்துடாதீங்க.”