மூட்டைக்குள் ஒரு மொழி

நாற்பது ஆண்டுகள் அச்சில் ஏறக்கூடாது என்று தடை. லிதுவேனிய மொழியைக் காப்பாற்றியவர்கள் கடத்தல்காரர்கள்.

லிதுவேனியாவின் இரண்டாவது பெரிய நகரமான கௌனாஸில், ராணுவ அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு சிலை. மன்னர் அல்ல, தளபதியும் அல்ல. முதுகில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டுப்புறத்து ஆள். அன்றைய சட்டத்தின் கண்ணில் அவர் கடத்தல்காரர். மூட்டையில் இருந்ததோ சாராயமும் புகையிலையும் அல்ல. ஜெபப் புத்தகங்களும் அரிச்சுவடிகளும்தான்.

1795-ல் ரஷ்யப் பேரரசின் பிடிக்குள் போன நாடு லிதுவேனியா. 1831 கிளர்ச்சிக்குத் தண்டனையாக வில்னியஸ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1863-ல் மீண்டும் கிளர்ச்சி வெடித்தபோது, அதை இரும்புக் கரத்தால் அடக்கிய கவர்னர் ஜெனரல் மிகயீல் முராவியோவின் பார்வை எழுத்துகளின் மீது விழுந்தது. லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடக் கூடாது. ரஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும். 1864-ல் தொடங்கிய தடை மறு ஆண்டே முழுமையானது.

அரசு தன் செலவிலேயே ரஷ்ய எழுத்தில் புத்தகங்களை அச்சிட்டது. மக்கள் அவற்றைத் தொடவில்லை. கத்தோலிக்க விவசாயிகளுக்கு லத்தீன் எழுத்து என்பது வேதத்தின் எழுத்து. அதை மாற்றுவது மதத்தையும் மாற்றும் முதல் படி என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

வழி காட்டியவர் ஒரு பிஷப். மோடியேயுஸ் வலான்சியுஸ், எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்கு பிரஷ்யாவில் புத்தகங்களை அச்சிட ஏற்பாடு செய்தார். டில்சிட் நகர அச்சகங்கள் சுறுசுறுப்பாயின. அச்சான புத்தகங்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்தவர்கள்தான் 'க்னிக்நேஷிஸ்', அதாவது புத்தகம் சுமப்போர். இரவில் காட்டு வழியே சாக்கு மூட்டையோடு நடந்தார்கள். வைக்கோல் வண்டிக்கு அடியில் ஒளித்தார்கள். பிடிபட்டால் சிறை அல்லது சைபீரியா. எல்லைக் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானவர்களும் உண்டு.

இவர்களில் 'மன்னர்' என்று பெயர் பெற்றவர் யூர்கிஸ் பியெலினிஸ். போலீஸ் வலைவீசித் தேடியும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் புத்தகம் சுமந்தார். அவர் பிறந்த மார்ச் 16, இன்று லிதுவேனியாவில் புத்தகம் சுமப்போர் தினம்.

வந்து சேர்ந்த அரிச்சுவடியைப் படிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. வீடே பள்ளி, தாயே ஆசிரியை. ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் தாயைப் பின்னாளில் சிற்பி பெட்ராஸ் ரிம்ஷா சிலையாக வடித்தார். விளைவு விசித்திரமானது. 1897 மக்கள் கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசின் எழுத்தறிவு சுமார் 21 சதவிகிதம். லிதுவேனியர் நிறைந்த கோவ்னோ மாகாணமோ அந்தச் சராசரியை எங்கோ பின்னே தள்ளியிருந்தது.

ஜெபப் புத்தகத்தின் பின்னாலேயே அரசியலும் எல்லை தாண்டியது. மருத்துவர் யோனாஸ் பசனாவிசியுஸ் 1883-ல் தொடங்கிய 'ஔஷ்ரா' (விடியல்) இதழும் அதே மூட்டைகளில்தான் வந்தது. ஜப்பானுடன் போரில் சிக்கித் திணறிய ஜார் அரசு, 1904 மே 7 அன்று தடையை விலக்கிக்கொண்டது. 1918-ல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பசனாவிசியுஸும் ஒருவர்.

செத்துப்போன சகோதரி

இத்தனை பிடிவாதம் ஏன்? பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. பால்டிக் மொழிக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவை லிதுவேனியமும் லாத்வியமும் மட்டுமே. (மூன்றாவது பால்டிக் நாடான எஸ்டோனியாவின் மொழி ஃபின்னிஷ் மொழிக்கு உறவு, குடும்பமே வேறு.) இவற்றுக்குப் பிரஷ்யம் என்றொரு சகோதரி இருந்தாள். 13-ம் நூற்றாண்டில் ட்யூட்டானிக் வீரர்கள் சிலுவைப் போர் என்ற பெயரில் பிரஷ்யர்களின் மண்ணைப் பிடித்தார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழி மடிந்தது. பெயரை மட்டும் வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் ஐரோப்பாவை நடுங்கவைத்த ஜெர்மானிய பிரஷ்யாவின் பெயர், அந்த ஜெர்மானியர்கள் அழித்த ஓர் இனத்தின் பெயர்.

பிழைத்த சகோதரியிடம் இந்தியர்களுக்குப் பரிச்சயமான நகைகள் உண்டு. லிதுவேனியத்தில் நெருப்பு 'உக்னிஸ்', பல் 'தந்திஸ்', கடவுள் 'தியேவாஸ்', பகல் 'தியெனா', மகன் 'சூனுஸ்'. அக்கினி, தந்தம், தேவன், தினம் என்று வடமொழி வழியே தமிழுக்கு வந்த சொற்களின் தூரத்து உறவுகள். சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல இவை. இரண்டுக்கும் மூதாதை மொழி ஒன்று. ஐரோப்பிய உறவினர்கள் பலரும் தொலைத்துவிட்ட பழைய வடிவங்களை லிதுவேனியம் பத்திரமாக வைத்திருக்கிறது.

லாத்வியர்கள் காத்தது பாட்டை. 'தைனா' எனப்படும் நாட்டுப்பாடல்கள் பெரும்பாலும் நாலே அடி. கிறிஷ்யானிஸ் பாரோன்ஸ் அவற்றைத் துண்டுத் தாள்களில் எழுதி, இதற்கென்றே செய்வித்த அலமாரியின் இழுப்பறைகளில் வகைப்படுத்தினார். 1894 முதல் 1915 வரை வெளிவந்த அவரது தொகுப்பில் 2 லட்சத்துக்கும் அதிகமான பாடல்கள். அந்த அலமாரி 2001-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது.

பழைய பழக்கம்

சோவியத் ஆட்சியில் எழுத்து தடைசெய்யப்படவில்லை. சில உண்மைகள் தடைசெய்யப்பட்டன. பாட்டன்கள் கற்றுத்தந்த தொழில் பேரன்களுக்கு மறக்கவில்லை. மத அடக்குமுறையைப் பதிவு செய்த ஓர் இதழ், 1972 முதல் 1989 வரை ரகசியமாகத் தட்டச்சு செய்யப்பட்டுக் கைமாறியது. பலர் சிறை சென்றும் நிற்கவில்லை. 1989 ஆகஸ்ட் 23-ல் தாலின் முதல் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். 1991-ல் மூன்று நாடுகளின் சுதந்திரத்தையும் மாஸ்கோ ஏற்றது.

இப்போதைய சவாலுக்குத் துப்பாக்கி இல்லை. 2004-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த பிறகு இளைஞர்கள் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வேலை தேடிப் போனார்கள். 1990-ல் 37 லட்சமாக இருந்த லிதுவேனியாவின் மக்கள்தொகை இன்று 30 லட்சத்துக்கும் குறைவு. லாத்வியாவில் 20 லட்சம் பேர்கூட இல்லை. எல்லையில் யாரும் மூட்டையைச் சோதிப்பதில்லை. ஆனால் லண்டனிலும் டப்ளினிலும் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் முந்திக்கொள்கிறது. அதனால் அந்த நகரங்களில் லிதுவேனியப் பெற்றோர்கள் வாரக் கடைசியில் பள்ளி நடத்துகிறார்கள். ராட்டைதான் இல்லை, அரிச்சுவடி அதேதான்.