வாசனை இருக்கும் வரைதான் காவல்!



கோடை லீவில் எங்க அம்மாச்சிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. "ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்டி. நாட்டு மருந்துக் கடையில கிராம்புத் தைலம் வாங்கிட்டு வா" என்று சொல்லுச்சு. நான்தான் வாங்கி வந்தேன். பஞ்சில் நனைத்து நான்தான் தினமும் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி போயிடும். "பாத்தியா, கைகண்ட மருந்து!" என்று அம்மாச்சி சிரிக்கும். எட்டாம் நாள் காலையில் பார்த்தால் கன்னம் வீங்கிப் போய், உடம்பு கொதிக்குது. வாயைத் திறக்கவே முடியவில்லை. ஏன் இப்படி ஆச்சு? அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தைலம் என்றால் என்ன என்று பார்ப்போமா?

தைலமும் எண்ணெயும் ஒன்றா?

இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு வேப்பெண்ணெயும், பக்கத்தில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலமும் விடுங்கள். மறுநாள் பாருங்கள். வேப்பெண்ணெய்க் கறை அப்படியே இருக்கும். தைலம் பெரும்பாலும் காற்றோடு போயிருக்கும். இப்படி ஆவியாகும் வாசனை எண்ணெயைத்தான் தைலம் என்று இங்கே சொல்கிறேன். வேப்பெண்ணெயை விதையிலிருந்து ஆட்டி எடுப்பார்கள். யூகலிப்டஸ் தைலத்தை நீலகிரியில் இலைகளைக் கொப்பரையில் அடைத்து, நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிர வைத்து எடுப்பார்கள். ஆவி தண்ணீராகும்போது தைலம் மேலே மிதக்கும்.

செடிக்கு எதற்கு வாசனை? அதற்குக் கால் இல்லை, ஓட முடியாது. பூச்சியும் பூசணமும் தின்ன வந்தால் தடுக்க அது வைத்திருக்கும் ஆயுதங்களில் வாசனையும் ஒன்று.

கிருமியை எப்படிக் கொல்கிறது?

பாக்டீரியாவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் கொழுப்பு நிறைய உண்டு. தைலம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆனால் கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும். ஓட்டை விழுந்த தண்ணி பாக்கெட் மாதிரி, உள்ளே இருக்கும் பொட்டாசியம் முதலிய சத்துகள் கசிந்து கிருமி செத்துப் போகும். கிராம்புத் தைலத்தில் இந்த வேலையைச் செய்வது யூஜினால். ஓமத்தில் இருப்பது தைமால். தைமாலை 1719-லேயே ஜெர்மனியைச் சேர்ந்த காஸ்பர் நாய்மன் பிரித்தெடுத்துவிட்டார்!

மருத்துவத்தில்...

1879-ல் அமெரிக்காவில் உருவான லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தில் தைமால், யூகலிப்டால், மென்தால் மூன்றும் உண்டு. பல் டாக்டர்களும் துத்தநாக ஆக்சைடு பவுடரில் யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். ஆகவே அம்மாச்சி சொன்னது வெறும் மூடநம்பிக்கை இல்லை.

விவசாயத்தில்...

ஐரோப்பாவில் திராட்சைக் கொடியைத் தாக்கும் சாம்பல் பூசணத்துக்கு எதிராக யூஜினால், தைமால், ஜெரானியால் ஆகியவற்றைப் பயன்படுத்த 2013-ல் அனுமதி தந்தார்கள். கோழி, பன்றி சீக்கிரம் கொழுக்கத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை அங்கே 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். காரணம், கொஞ்சம் கொஞ்சமாக மருந்து தின்றால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு மனுசருக்கு நோய் வந்தால் அந்த மருந்து கேட்காது. நம் இந்தியாவிலும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குத் தருவதை 2019-ல் தடை செய்தார்கள். அந்த இடத்தில் தைலங்கள் உதவுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

நான் செய்த சோதனை

இரண்டு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ஈரமான ரொட்டித் துண்டு ஒவ்வொன்று போட்டேன். ஒரு பாட்டிலின் மூடியில் மட்டும் ஐந்து சொட்டுக் கிராம்புத் தைலம் விட்ட பஞ்சை ஒட்டினேன். நாலாம் நாள் தைலம் இல்லாத பாட்டிலில் பச்சைப் பூசணம்! தைலம் இருந்ததில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, வாசனை போகும்வரை திறந்து வைத்து மூடினேன். ஒரு வாரத்தில் அதிலும் பூசணம் வந்துடுச்சு!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தைலம் இருக்கும் இடத்தில், இருக்கும் நேரம் வரைதான் அது காவல். வெயில் அடிக்கும் வயலில் தெளித்தால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதிகமாகத் தெளித்தால் பயிரே கருகும். வெளிநாடுகளில் கிராம்புத் தைலத்தைக் களைக்கொல்லியாகவே தெளிக்கிறார்கள்! இன்னொன்று, அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற வித்தியாசமும் தெரியாது.

அம்மாச்சிக்கு என்ன ஆச்சு?

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பல்லின் வேருக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. டாக்டரம்மா சீழை வெளியேற்றி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு பல்லை எடுத்தார்கள். "தைலம் மரத்துப் போக வைக்கும், அதனால வலி தெரியல. ஆனா வேருக்குக் கீழே அது எப்படிம்மா போகும்? வலி போனா நோய் போச்சுன்னு அர்த்தமில்ல" என்றார்கள். நான் தலையைக் குனிந்து கொண்டேன். ஏனென்றால் எட்டு நாளும் பஞ்சு வைத்தது நான்தானே!

இப்போது அம்மாச்சி நன்றாக இருக்கிறது. முறுக்கு மட்டும் இன்னொரு பக்கம் வைத்துக் கடிக்கிறது.

நினைவில் வைப்போம்!

* தைலத்தை நேராகத் தோலிலோ ஈறிலோ ஊற்றக் கூடாது. புண்ணாகும்.
* யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் இரண்டையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு ஸ்பூன் தைலம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.
* பல்வலி இரண்டு நாளுக்கு மேல் இருந்தாலும், வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் இதைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்!



— 9-ஆம் வகுப்பு மாணவி