ஆறு கறுப்பு, கொசு தேடுவதோ தெளிந்த நீர்

பினாங்கின் சுங்கை பினாங் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கிருந்துதான் எல்லாக் கொசுவும் வருது" என்பார்கள். பாதிதான் உண்மை. அழுக்குத் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ். இரவில் காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். முட்டையிட அது தேடிப்போவது நம் வீட்டுத் தெளிந்த தண்ணீரை.

அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் துளசிச் செடி. சட்டிக்கு அடியிலுள்ள தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். டார்ச் அடித்துப் பாருங்கள்: வளைந்து நெளிந்து கீழே ஓடி ஒளியும் புழுக்கள். எட்டுப் பத்து நாளில் அவை பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

பினாங்குக்கு இது பழைய துன்பம். 1902இலேயே இத்தீவின் டிங்கியைப் பற்றி டாக்டர் ஸ்கே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1962இல் மலாயாவின் முதல் ரத்தக்கசிவு டிங்கியும் பினாங்கில்தான் பதிவானது. துறைமுகம் என்றால் கப்பல். கப்பல் என்றால் தண்ணீர்ப் பீப்பாய். ஆப்பிரிக்காவில் பிறந்த ஏடிஸ் எகிப்தி இப்படித்தான் உலகத் துறைமுகங்களுக்குப் பரவியது. மரப்பொந்திலும் மூங்கில் கணுவிலும் முட்டையிட்ட ஆசியக் கொசு ஏடிஸ் அல்போபிக்டஸும் நம் தோட்டத்து டயருக்கும் தகர டப்பாவுக்கும் பழகிக்கொண்டது.

நகரம் வளர வளர, மழை தேங்கும் மூலைகளும் பெருகுகின்றன. கட்டுமானத் தளத்தில் பாதி முடிந்த மின்தூக்கிக் குழி, இலை அடைத்த கூரைக் கால்வாய். ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. ஆனால் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தால் அது தூரம் பறக்க வேண்டியதே இல்லை. சிமெண்டும் தாரும் தேக்கிவைக்கும் சூடு, கொசுவின் உடலில் கிருமி வளரும் நாட்களையும் குறைக்கிறது. 2019இல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

காய்ச்சல் கண்டதும் புகை அடிக்கக் கேட்கிறோம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவைத் தொடாது. எனக்குப் பெரிய கவலை, பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான். முதலீட்டுக்கென்று வாங்கிவிட்டு ஆள் குடியேறாத வீடு. கதவைத் தட்டும் சுகாதார ஊழியருக்குப் பதிலில்லை. உள்ளே, மூடி சரியாகப் பொருந்தாத கழிவறைத் தொட்டியில், தெளிந்த தண்ணீர்.