10×50ன்னா என்ன? நட்சத்திரம் பார்க்க பைனாகுலர் வாங்குறதுக்கு முன்னாடி

வானம் பார்க்க ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுறது டெலஸ்கோப். ஆனா முதல் கருவியா ஒரு நல்ல பைனாகுலரே போதும். கடையில "இது 20 மடங்கு, இது 30 மடங்கு"ன்னு பெரிய எண்ணைக் காட்டுவாங்க. அதை மட்டும் நம்பி வாங்கினா, பெரும்பாலும் அது பரணுக்குத்தான் போகும்.

பைனாகுலர் மேல 10×50ன்னு போட்டிருந்தா, முதல் எண் எத்தனை மடங்கு பெரிசா தெரியும்ங்கிறது. இரண்டாவது, முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. நட்சத்திரத்தை எவ்வளவு பெரிசாக்கினாலும் அது புள்ளிதான். நமக்கு வேண்டியது வெளிச்சம். இருட்டில் நம்ம கண்ணின் பாப்பா சுமார் 7 மி.மீ. வரை விரியும். 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 50 மடங்கு வெளிச்சத்தை வாங்கும்.

இப்போ ஒரு சின்ன வகுத்தல். 50ஐ 10ஆல் வகுத்தா 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையோட அகலம் 5 மி.மீ. இதுவே 20×50ன்னா வெறும் 2.5. நெபுலா மாதிரி பரவலான பொருள்கள் மங்கிடும். கூடவே கை நடுக்கமும் 20 மடங்கு பெரிசா தெரியும். அதனால கையில பிடிச்சுப் பார்க்க 10×50 போதும். கை ரொம்ப ஆடும்னா 7×50 எடுங்க. ஜூம் மாடல்கள் வேண்டாம். டிரைபாடில் மாட்ட முடியுமான்னும் கேட்டுக்கோங்க.

கடையிலேயே மூணு சோதனை செய்யலாம். ஒண்ணு, முன் லென்ஸ் கண்ணாடி மாதிரி சிவப்பா மின்னினா விட்டுடுங்க. ரெண்டு, கையை நீட்டிப் பிடிச்சு, கண் வைக்கிற பக்கத்தை நம்மைப் பார்த்து வெச்சு, வெளிச்சமான ஜன்னல் பக்கம் திருப்புங்க. உள்ளே தெரியும் வெளிச்ச வட்டம் முழு உருண்டையா இருக்கணும். ஓரம் வெட்டின மாதிரி சதுரமா தெரிஞ்சா பிரிசம் மட்டமானது. மூணு, தூரத்து ஆன்டெனாவைப் பாருங்க. ரெண்டு படமா தெரிஞ்சாலோ, கண் வலிச்சாலோ, ரெண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லைன்னு அர்த்தம்.

நல்லதா அமைஞ்சா மொட்டை மாடியிலிருந்தே நிலாவின் பள்ளங்கள், 1610ல் கலிலியோ கண்ட வியாழனின் 4 நிலாக்கள் எல்லாம் தெரியும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல கார்த்திகைக் கூட்டம் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரம். பைனாகுலரில் டஜன் கணக்கில். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலை மாதிரி இருட்டான இடத்துக்குப் போனா, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆன்ட்ரோமெடா கேலக்ஸிகூட மங்கலான புகைத்திட்டா தெரியும்.

வாங்கியாச்சு. இனி பராமரிப்பு. நம்ம ஊர் ஈரப்பதத்துல முதல் எதிரி ஃபங்கஸ். லென்ஸ்ல வலை மாதிரி படர்ந்து, மேல்பூச்சை நிரந்தரமா அரிச்சுடும். கூட வர்ற பையிலேயே வெச்சு பீரோவுல பூட்டாதீங்க. காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட வையுங்க. ஜெல் நிறம் மாறினதும் காயவெச்சுத் திரும்பப் போடுங்க. குளிர்ந்த ஏசி ரூமிலிருந்து வெளியே எடுக்கும்போது ஜிப் கவரில் போட்டு அரை மணி நேரம் விடுங்க. லென்ஸ்ல பனி படியாது.

சட்டை நுனியால துடைக்கவே கூடாது. முதல்ல புளோயரால் தூசியை ஊதணும், அப்புறம் மென்மையான பிரஷ், கடைசியாத்தான் மைக்ரோஃபைபர் துணி. திரவம் வேணும்னா துணியில் விடுங்க, லென்ஸ்ல விடாதீங்க. ஸ்க்ரூவைக் கழட்டவும் வேண்டாம்; உள்ளே பிரிசம் துளி நகர்ந்தாலும் படம் ரெண்டாகிடும்.

கடைசியா ஒண்ணு. பைனாகுலர் வழியா சூரியனைப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகினது அப்புறம்தான் தெரியும். வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா, பகல்ல டப்பாவை அவங்க கைக்கு எட்டாம வையுங்க. பொருத்தமான லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் போட்டாத்தான் சூரியனைப் பார்க்கலாம், அதுவும் சூரியனுக்குன்னே செஞ்ச ஃபில்டரா இருக்கணும்.